கூடலூர் கடலூரான கதை

திருவண்ணாமலைக்குக் கடல் கிடையாது. மலையை வலம் வருவோருக்கு அதன் நினைவுகூட எழுவதில்லை. ஆயினும், ரமணாசிரமத்தின் முன்னால் ஓடும் செங்கம் சாலையில் மேற்கே சென்று, பின் தெற்கே திரும்பிச் சாத்தனூர் அணைக்குப் போனால், அங்கே தேங்கி நிற்கும் நீர் முழுவதும் கடலூருக்குப் போய்ச் சேர வேண்டிய நீர் என்பது புலப்படும். சாத்தனூரிலிருந்து புறப்படும் தென்பெண்ணை மணலூர்ப்பேட்டை, திருக்கோவலூர் வழியாகக் கிழக்கே ஓடிக் கடலூருக்கு வடக்கே கடலில் கலக்கிறது. அந்த ஆற்றின் இடைவழியில் வாழ்பவர்கள் நாம். கடைவழியில் இருப்பது கடலூர்.

ஆட்சி வரைபடத்திலும் இந்த உறவு நெடுங்காலம் இருந்தது. வேங்கடராமன் என்னும் பதினாறு வயதுச் சிறுவன் மதுரையிலிருந்து புறப்பட்டு 1896 செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வூர் வந்து சேர்ந்தபோது, திருவண்ணாமலை தென்னார்க்காடு ஜில்லாவின் வட்டங்களுள் ஒன்று. அந்த ஜில்லாவின் தலைமையிடம் கடலூர். வழியில் அவர் தங்கிய அறையணிநல்லூரும் கீழூரும் பெண்ணையின் இரு கரைகளில் எதிரெதிராக உள்ள ஊர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் திருவண்ணாமலை வட்டம் வடார்க்காட்டோடு சேர்க்கப்பட்டது. அதன் பிறகு கடலூர் நமக்கு அயலூராயிற்று. இன்று நம் கல்லூரி மாணவர்களுக்குக் கடலூர் என்றால் புயலும் வெள்ளமுமாகத் தொலைக்காட்சியில் தோன்றும் ஓர் ஊர், அவ்வளவே. அவ்வூரின் வரலாற்றை ஆற்றின் இப்பக்கமிருந்து ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயர். அவ்வூரின் பழைய பெயர் கூடலூர். ஆறுகள் கூடுமிடம் என்னும் பொருளில் வழங்கிய பெயர் அது. வடக்கே தென்பெண்ணை, நடுவே கெடிலம், தெற்கே பரவனாறும் உப்பனாறும் எனச் சில கல் தொலைவுக்குள் இத்தனை நீர்வழிகள் கடலை நாடி வருகின்றன. பெண்ணையிலிருந்து பிரியும் மலட்டாறு பெருவெள்ளக் காலங்களில் அதன் நீரில் ஒரு பகுதியைக் கெடிலத்துக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆகவே கெடிலத்தின் வெள்ளத்திலும் பெண்ணைக்குப் பங்கு உண்டு. ஆங்கிலேயர் தம் நாவுக்கு இசைந்தபடி கூடலூரைக் 'கட்டலூர்' என்றாக்கினர். அது மறுபடி தமிழுக்கு வந்தபோது கடலூர் ஆகிவிட்டது. ஓர் எழுத்தில் நேர்ந்த மாற்றந்தான். ஆனால் ஆறுகளால் பெயர் பெற்ற ஊர் அதனால் கடலால் பெயர் பெற்ற ஊராயிற்று. அவ்வூரின் வரலாறு எழுதப்பட்ட முறைக்கும் இது பொருந்தும். கடல்வழி வந்தவர்களின் கதை விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆற்றுவழி வந்தவர்களின் கதை குறைவாகவே எழுதப்பட்டுள்ளது.

இன்றைய கடலூர் ஒரே ஊரன்று. பல ஊர்களின் தொகுப்பு. உப்பனாற்றங்கரையில் பழைய துறைமுகம் அமைந்த முதுநகர், கெடிலத்துக்கு அப்பால் திருப்பாதிரிப்புலியூர், கலெக்டர் அலுவலகம் முதலியன அமைந்த மஞ்சக்குப்பம், கடலோரத்தில் தேவனாம்பட்டினம். இவற்றுள் திருப்பாதிரிப்புலியூரே மிகப் பழைய கல்விச் சிறப்புடையது. பாடலிபுரம் எனப்பட்ட இவ்வூர் சமணர்களின் பெரும்பள்ளி இருந்த இடம். 'லோகவிபாகம்' என்னும் சமண நூலின் மூலம் சக ஆண்டு 380இல், அதாவது பொ.ஆ. 458இல், காஞ்சியரசன் சிம்மவர்மனின் இருபத்திரண்டாம் ஆட்சியாண்டில் பாடலிகையில் எழுதப்பட்டதாக அந்நூலின் இறுதியில் குறிப்பு உள்ளது. பல்லவர் காலக் கணிப்புக்கு ஆய்வாளர்கள் பற்றிய முதன்மையான சான்றுகளுள் அது ஒன்று. அந்தப் பள்ளியில் இருந்த தருமசேனரே பின்னர் நாவுக்கரசரானார். கல்லில் கட்டிக் கடலில் இடப்பட்ட அவர் மிதந்து வந்து கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பம் சுட்டப்படுகிறது. அந்த இடம் இன்று கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கெடிலத்தை ஒட்டி அமைந்திருக்கிறது. தொன்மக் கதையாகவே கொண்டாலும், கடலும் ஆறும் எங்கே சந்தித்தன என்பது பற்றிய ஒரு பழைய நினைவு அந்தப் பெயரில் தங்கியிருப்பதாக எண்ண இடமுண்டு.

அதற்கும் முன்னே, கடலூருக்குத் தெற்கேயுள்ள காரைக்காட்டில் நிகழ்ந்த அகழாய்வில் அரிக்கமேட்டில் கிடைத்தவற்றை ஒத்த மட்கலத் துண்டுகளும் மணிகளும் கிடைத்துள்ளன. ஆற்றின் மேற்பகுதியிலோ, மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர் சங்கப் பாடல்களில் புகழ் பெற்றது. அதற்கு அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு அதியமானின் கொடையைச் சொல்கிறது. தகடூர் வேந்தனின் பெயர் பெண்ணைக் கரையில் பொறிக்கப்பட்டிருப்பது தற்செயலன்று. உள்நாட்டு மலைகளிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் பெருவழி அந்த ஆற்றை ஒட்டியே சென்றிருக்க வேண்டும்.

சோழமண்டலக் கரையின் இயல்பை இங்கே சொல்லியாக வேண்டும். இக்கரையில் இயற்கைத் துறைமுகம் என்று சொல்லத்தக்கது அரிது. கடல் ஆழமற்றது, அலை ஓயாது உடையும், ஆற்று முகங்களை மணல்திட்டுகள் அடைத்துக்கொள்ளும். பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்க, கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும் சரக்கையும் மனிதரையும் கரைசேர்க்கும். வடகிழக்குப் பருவம் தொடங்குமுன் கப்பல்கள் விலகிச் சென்றுவிட வேண்டும். அவ்வாறு விலகாதவை பட்ட பாட்டை வரலாறு பலமுறை பதிந்திருக்கிறது. பருவம் அல்லாத காலத்திலும் இக்கடல் இரங்கியதில்லை. 1749 ஏப்ரலில் தேவனாம்பட்டினத்துக்கு அருகே வீசிய புயலில் தளபதி பாஸ்கவனின் தலைமைக் கப்பலான 'நாமூர்' உடைந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கினர். தளபதி அப்போது கரையில் இருந்ததால் பிழைத்தார்.

துறைமுகமே இல்லாத கரைக்கு ஏன் இத்தனை பேர் வந்தார்கள்? துணிக்காக. பெண்ணை, கெடிலம், பாலாறு ஆகியவற்றின் வெளிகளில் இருந்த தறிகளே டச்சுக்காரரையும் ஆங்கிலேயரையும் பிரெஞ்சுக்காரரையும் இங்கே இழுத்தன. டச்சுக்காரர் 1608இல் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தேவனாம்பட்டினத்தில் கால் ஊன்றினர். இரண்டாண்டுக்குள் பழவேற்காடு அவர்களின் முதன்மையிடமாயிற்று. ஆங்கிலக் கம்பெனியார் 1680களில் கூடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் வணிகத்துக்கு இடம் தேடினர். அப்போது செஞ்சி மராத்தியர் கையில் இருந்தது. சிவாஜி 1677இல் கைப்பற்றிய கோட்டை அது.

1690இல் நிகழ்ந்ததைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்கு வந்து தங்கியிருக்க, ஔரங்கசீப்பின் படைகள் அக்கோட்டையைச் சூழ்ந்தன. முற்றுகை 1698 வரை நீண்டது. மலைக்கோட்டையைக் காக்கப் பணம் தேவைப்பட்டது. கடலோரக் கோட்டை ஒன்று விற்பனைக்கு வந்தது. சென்னையின் ஆளுநராயிருந்த எலிஹு யேல் அதைக் கம்பெனிக்காக வாங்கினார். திருவண்ணாமலைக்குக் கிழக்கே ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள செஞ்சியின் நெருக்கடியே தேவனாம்பட்டினத்தை ஆங்கிலேயர் கையில் கொடுத்தது. மலையின் வரலாறும் கடலின் வரலாறும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

விற்பனையின் எல்லை வகுக்கப்பட்ட முறை விசித்திரமானது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எங்கெங்கே விழுகிறதோ அதுவரையுள்ள நிலம் கம்பெனிக்கு உரியது என்பது உடன்படிக்கை. கம்பெனியார் சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்றை அனுப்பிவைத்தனர். குண்டு போகும் தொலைவு பீரங்கிக்காரனின் திறமையைப் பொறுத்தது என்பதையும் சொல்லியனுப்பினர். 1690 செப்டம்பரில் நாற்புறமும் குண்டுகள் பறந்தன. எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் பின்னர் 'குண்டு கிராமங்கள்' எனப்பட்டன. கூடலூரும் அவற்றுள் அடங்கியது. வேல்ஸ் மரபினரான யேல், அந்நாட்டுப் புரவலராகப் போற்றப்படும் தூய டேவிட்டின் பெயரால் கோட்டை வழங்கக் காரணமானார் என்பர்.

இந்தச் செய்தி பெரும்பாலும் வேடிக்கையாகச் சொல்லப்படுகிறது. குண்டு விழுந்த ஊரில் இருந்தவர்கள் பக்கமிருந்து இது சொல்லப்படுவதில்லை. அவர்கள் நெசவாளர், மீனவர், உழவர். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே அவர்கள் எங்கும் கேட்கப்படவில்லை. ஒரு பிற்பகலில் காதைக் கிழித்த ஓசையோடு அவர்களின் அரசு மாறிவிட்டது. கம்பெனிக்கு வேண்டியது நிலம் மட்டுமன்று. தறிகள் இருக்கும் நிலம். வணிகர் வழியாக நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துத் துணி பெறுவது அக்கால வழக்கம். முன்பணம் வாங்கியவர் ஓடிப்போகாமலும் பிறருக்கு விற்காமலும் பார்த்துக்கொள்ளத் தன் ஆட்சிக்குட்பட்ட ஊர்கள் கம்பெனிக்குத் தேவைப்பட்டன. இக்கரையின் நீலத்துணி ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வணிகத்தின் மாற்றுப் பொருளாகவும் பயன்பட்டது. யேலின் பெயரைப் பின்னர் ஓர் அமெரிக்கக் கல்லூரி ஏற்றது. 1718இல் அவர் அதற்கு அனுப்பிய கொடையில் நூல்களோடு சரக்கு மூட்டைகளும் இருந்தன. அவற்றை விற்ற பணமே கல்லூரிக்கு உதவியது. சோழமண்டலத் தறிகளின் ஓசை எவ்வளவு தொலைவுக்குக் கேட்டது என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

1746இல் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே சென்னையைக் கைப்பற்றியபோது தேவனாம்பட்டினம் திடீரென்று தென்னிந்திய ஆங்கிலேயரின் தலைநகராயிற்று. 1752 வரை அது அந்நிலையில் நீடித்தது. சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பி இங்கு வந்த எழுத்தர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளே அடுத்த ஈராண்டுகளில் மீண்டும் மீண்டும் முயன்றும் இக்கோட்டையைப் பிடிக்க இயலவில்லை. அக்காலச் செய்திகளைப் புதுச்சேரிப் பக்கமிருந்து நாள்தோறும் எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவருடைய நாட்குறிப்பில் தேவனாம்பட்டணமும் கூடலூரும் இடையறாது வருகின்றன. ஐரோப்பியரின் ஆவணங்களில் போர்க்களமாக மட்டும் தோன்றும் ஊர்கள், தமிழ் வணிகர் ஒருவரின் எழுத்தில் கடன், வதந்தி, அச்சம், உறவு எல்லாம் கலந்த மனித ஊர்களாகத் தெரிகின்றன. இக்காலத்தைப் படிக்க விரும்பும் நண்பர்கள் முதலில் அவரிடம் செல்வது நல்லது.

கிளைவ் 1756 ஜூனில் இக்கோட்டையின் ஆளுநராகத் திரும்பி வந்தார். அதே மாதத்தில் கல்கத்தா வீழ்ந்தது. அவர் வங்கத்துக்கு அழைக்கப்பட்டார். பிளாசிக்குப் போன வழி தேவனாம்பட்டினத்திலிருந்து தொடங்கியது எனலாம். அவர் போன ஈராண்டுக்குள், 1758 ஜூன் 2ஆம் நாள், பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் கோட்டை சரணடைந்தது. அவர் அதை இடித்துத் தள்ளினார். கெடிலத்தின் முகத்தருகே எஞ்சிய சில சுவர்களே இன்று அதன் அடையாளம்.

இப்போர்கள் கடற்கரையோடு நிற்கவில்லை. 1767 செப்டம்பரில் முதல் மைசூர்ப் போரின் இரு சண்டைகள் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் நடந்தன. கோயில் மதில்கள் அக்காலத்தில் கோட்டை மதில்களாகப் பயன்பட்டன. ஊர் பலமுறை கைமாறியது. 1782இல் கடலூர் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. மறு ஆண்டு ஜூனில் ஆங்கிலப் படை அதை முற்றுகையிட்டது. 13ஆம் நாள் தரையில் கடும்போர். 20ஆம் நாள் கடலில் சுஃப்ரேனின் கப்பல்களுக்கும் ஹியூஸின் கப்பல்களுக்கும் போர். அம்மாத இறுதியில் ஐரோப்பாவிலிருந்து செய்தி வந்தது: இரு நாடுகளும் சமாதான முன்னுடன்படிக்கையில் கையொப்பமிட்டு ஐந்து மாதங்களுக்கு மேலாகிவிட்டன. ஜனவரியிலேயே முடிந்துவிட்ட போருக்காக ஜூனில் மனிதர்கள் மடிந்திருக்கிறார்கள். அவர்களில் இம்மண்ணின் சிப்பாய்களும் இருந்தனர்.

1801க்குப் பின் கடலூர் போர்க்களம் என்ற நிலை மாறி ஜில்லாத் தலைமையிடமாயிற்று. துறைமுகம் மெல்லத் தேய்ந்தது. மான்செஸ்டர் துணி வந்து தறிகளை ஒடுக்கியது ஒரு காரணம். இருப்புப்பாதை மற்றொரு காரணம். ஆற்றையும் வண்டிப்பாதையையும் பற்றிக் கடற்கரைக்கு இறங்கிய சரக்கு, ரயில் வந்தபின் சென்னைக்கு நேரே போகலாயிற்று. 1876இல் தொடங்கிப் பல இடர்களுக்குப் பின் உருவான சென்னையின் செயற்கைத் துறைமுகம் மற்ற துறைகளின் வணிகத்தை விழுங்கியது. தென்னார்க்காட்டின் நிலக்கடலைகூடப் பெரும்பாலும் புதுச்சேரி வழியாகவே மார்செய் நகருக்குக் கப்பலேறியது. துறைமுகத்தை உருவாக்குவது கடல் என்று நினைக்கிறோம். அதை வாழ வைப்பது அதற்குப் பின்னால் உள்ள நாடு. அந்த நாடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டால் துறை உறங்கிவிடும். இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் சாண்ட்விச், ரை முதலிய புகழ்பெற்ற துறைகள் வண்டல் படிந்து கடலை இழந்து உள்நாட்டு ஊர்களானதை இதனோடு ஒப்பிடலாம். அங்கே கடல் விலகியது. இங்கே கடல் அப்படியே இருக்க, உள்நாடு விலகியது.

இலக்கிய வாசகர்கள் கடலூரை வேறொரு காரணத்தால் நினைப்பார்கள். புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். ஜெயகாந்தன் 1934 ஏப்ரல் 24இல் மஞ்சக்குப்பத்தில் பிறந்தார். 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதி கடலூர் அருகே கைதாகி, டிசம்பர் 14 வரை அவ்வூர்ச் சிறையில் இருந்தார். முதுநகரின் அஞ்சலையம்மாள் 1927இல் சென்னை நீல் சிலைப் போராட்டத்தில் சிறை சென்றார். குண்டு விழுந்த ஊர்களிலிருந்து எழுந்த மறுமொழிகளாக இவற்றையெல்லாம் ஒருசேர எண்ணத் தோன்றுகிறது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தேவனாம்பட்டினமும் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ணுருட்டி வட்டாரத்துப் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. இவை கடலிலிருந்து வந்த துன்பங்கள். 2024 டிசம்பரில் வந்தது ஆற்றிலிருந்து. ஃபெஞ்சல் புயலின் மழையில் டிசம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணும் பாறையுமாக வீடொன்றின்மேல் இறங்கிற்று. குழந்தைகள் ஐவர் உட்பட ஏழு பேர் புதைந்து இறந்தனர். அன்றிரவு கழிந்து மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஆற்றோர ஊர்கள் நீரில் மூழ்கின. முன்னறிவிப்பு போதியதாக இருந்ததா என்ற வாதம் அரசியல் அரங்கில் சில நாள் நடந்து ஓய்ந்தது.

ஒரே மழை மலையடியிலும் ஆற்று முகத்திலும் துயரம் விளைத்தது. எனினும் நாம் இவற்றை இரு வேறு மாவட்டச் செய்திகளாகவே படித்தோம். சாத்தனூர் அணை 1958இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு, கடலூருக்கு எவ்வளவு நீர் எப்போது போக வேண்டும் என்பது நம் பக்கத்தில் முடிவாகிறது. ஆற்றின் மணலை அள்ளுவதும் கரையை நெருக்கிக் கட்டுவதும் மேலிருப்பவர்கள் செய்கிற காரியங்கள். விளைவு கீழே தெரியும். வறட்சியில் கீழே நீர் போவதில்லை. வெள்ளத்தில் எல்லாம் ஒரே இரவில் போகிறது. 1690இல் எங்கோ நின்ற பீரங்கியின் வீச்சு ஊர்களின் தலைவிதியை எழுதியது. அவர்களைக் கேட்காமல் முடிவெடுக்கும் வழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லையோ என்று தோன்றுகிறது. இம்முறை பீரங்கியின் பக்கத்தில் நாம் நிற்கிறோம் என்பதுதான் வேறுபாடு.

மாவட்ட எல்லைகள் மறந்ததைத் திருவிழாக்கள் மறக்கவில்லை. தை ஐந்தாம் நாள் அண்ணாமலையார் மணலூர்ப்பேட்டைக்கு எழுந்தருளித் தென்பெண்ணையில் தீர்த்தவாரி கொள்கிறார். அதே நாளில் கடலூர் மக்களும் ஆற்றுத் திருவிழா என்று பெண்ணைக் கரையில் திரள்கின்றனர். மாசி மகத்தில் உள்ளூர்த் தெய்வங்கள் பல தேவனாம்பட்டினக் கடலுக்குச் செல்கின்றன. இது ஒரே நீர் என்பதை நம் முன்னோர் நாட்காட்டியில் எழுதிவைத்திருந்தார்கள். அணையின் நீர்த்திறப்பை முடிவு செய்யும் மேசையில் கடலூர்க்காரர் ஒருவருக்கும் இடம் இருக்கும் நாளில், அவ்வூரின் பழைய பெயருக்கு மறுபடியும் பொருள் உண்டாகும்.